பட்டினி நாடகம்

பாட்டி போய்ச் சேர்ந்த பிறகு குடும்பம் முதல்முறையாக ஒன்றுகூடியிருந்தது. அவள் அடித்த லூட்டிகளைச் சொல்லிச் சொல்லிக் கூடத்தில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்ட மருமகள் மட்டும் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தட்டு சோத்த அமுக்கிட்டு, தட்டையும் கழுவிக் கவுத்துட்டு, ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிடுவாங்க அம்மா," என்றாள் நாத்தனார். "'காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படலம்மா'ன்னு மூக்கச் சிந்துவாங்க. அவ கிண்ணத்தத் தூக்கிட்டு ஓடியாருவா. தெரு மொத்தமும் ஊட்டி வளர்த்த ஒரே கெழவி எங்கம்மாதான்."

கூடம் குலுங்கியது. மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாடகத்தை நம்பித்தான் தெருவே அவளை மாமியாரைப் பட்டினி போடுகிறவள் என்று கரித்துக் கொட்டியது. இதே நாத்தனார்தான் ஒருநாள் விடுவிடுவென்று வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மருமகள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா சொன்னது பொய்யின்னு உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணி?"

"அன்னைக்கே தெரியுமே. பானை நெறைய சோறு இருந்துச்சே."

"அத பக்கத்து வீட்டுல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அம்மா பேரு கெட்டுப் போகாதா?"

"விடு," என்றான் கணவன். "செத்தவங்களப் பத்தி இப்ப எதுக்கு?"

"செத்தவங்க பேரு பத்திரமாத்தான் இருக்கு," என்றாள் மருமகள். "நான்தான் இன்னும் இந்தத் தெருவுல நடக்கணும்."