மூன்று வெள்ளைப் பெட்டிகளும் ஒரு சாமி விளக்கும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் ஒரு லட்டைத் தின்றார், தண்ணீர் குடித்தார், சரி என்று சொல்லிவிட்டார். மொத்தம் அரை மணி நேரம். அதே மனிதருக்கு ஒரு வைஃபை பெட்டி வாங்க மூன்று வாரம் தேவைப்பட்டது. இந்த வித்தியாசத்தை நான் அவ்வப்போது அவருக்கு நினைவுபடுத்துவதுண்டு.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு நான் மலேசியாவின் ஜோகூரில், தெப்ராவில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். காரை எதன் மீதாவது மோதிவிட்டு, மோதப்பட்டதுதான் குறுக்கே வந்தது என்று சாதிப்பவர்கள் என்னை அழைப்பார்கள். நான் பொறுமையாகக் கேட்பேன். ஆனால் பாதிப் பேச்சில் நான் காணாமல் போய்விடுவேன். பெரும்பாலும் பின்மதியம், மழை நேரத்தில். கால் மணி, அரை மணி கழித்து இணைய லைன் தானாகவே உயிர்த்தெழும். அதற்குள் அந்தப் பக்கம் இருந்தவர் என் சூப்பர்வைசரிடம் புகார் கொடுத்து முடித்திருப்பார்.

சூப்பர்வைசர் நல்ல பெண்மணி. கெட்ட செய்தியைக்கூட வாழ்த்து அட்டை வாசகம் போலச் சொல்வார். இரண்டு மாதம் தருகிறேன், அதற்குள் லைனைச் சரி செய்துகொள், இல்லாவிட்டால் அலுவலகத்தில் உனக்கு அழகான மேசை ஒன்று போட்டுத் தருகிறோம் என்றார். மேசை அழகாகத்தான் இருக்கும். அது ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் காஸ்வே பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் கோளாறு. என் கணவர் பதினெட்டு வருடமாக விடிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி அந்தப் பாலத்தைக் கடந்து போய்வருகிறார். மழைக்கோட்டு காயாமலே அடுத்த நாள் மறுபடி ஏறும். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது.

ஜோகூரில் லைன் போனால் யாரும் காரணம் தேடுவதில்லை. "மழை வந்தா லைன் அப்படித்தான் லா" என்பார்கள், ஏதோ கடலில் அலை வருவதைச் சொல்வதுபோல. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். நான் இந்த வேலையைத் தொடங்கியபோதே மாடிக்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் சிறிய பெட்டி ஒன்றை வாங்கி, மாடிப்படி ஏறியதும் இருக்கும் சாமி அலமாரியின் உச்சியில் வைத்திருந்தார் கணவர். மழை வந்தது, லைன் போனது. அடுத்து இணையக் கம்பெனியை மாற்றினோம். புதுக் கம்பெனியின் லைனுக்கும் மழை பிடிக்கவில்லை. மூன்றாவதாகத்தான் 'மெஷ்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை.

மெஷ் என்றால் ஒன்றுமில்லை. மூன்று பெட்டிகளை வீட்டில் ஆங்காங்கே வைத்தால், சிக்னலைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு போகுமாம். இதைப் புரிந்துகொள்ள என் கணவர் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போதெல்லாம் வீடியோ பார்த்தார். கம்பியில்லாமல் பேசும் பெட்டியா, கம்பி போட்டுப் பேசும் பெட்டியா, சுவரைத் துளைக்கும் அலையா, தூரம் போகும் அலையா என்று இரண்டு பத்தி போட்டு ஒரு நோட்டில் எழுதினார். பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதியிருந்தால் இன்றைக்குப் பாலத்தில் நின்றிருக்க வேண்டாமே என்று கேட்டேன். அவர் பக்கத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார்.

கடைக்கு நானும் போனேன். கடை முதலாளி, தவுக்கே, வயதான சீனர். மூன்று வகை காட்டினார். மலிவானதை எடுத்து, "இது போதும், வீடு சின்னது தானே" என்று மலாயில் சொன்னார். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"கன்ட்ரோல் எல்லாம் இருக்கா? எந்தச் சாமானுக்கு லைன் முதல்ல போவணும், எதுக்குக் கடைசியா போவணும்னு நம்ம சொல்ல முடியுமா?" என்று அவர் தன் மலாயில் நோண்டி நோண்டிக் கேட்டார்.

"அலமாக்," என்று வாயைப் பிளந்தார் தவுக்கே. அப்படிக் கேட்ட முதல் வாடிக்கையாளர் இவர்தான் போலிருக்கிறது. உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு பெரிய பெட்டியை எடுத்துவந்தார்.

"நம்ம வீட்ல இருக்கறது ரெண்டு போனு, ஒரு லேப்டாப்பு, ஒரு டீவி. இதுக்குப் போக்குவரத்துப் போலீஸ் எதுக்குங்க?" என்றேன் நான்.

"நீ சும்மா இரு லா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பொருத்தினார். ஒரு பெட்டி ஹாலில். அதன் மீது, 'இடி இடித்தாலும் தொடாதே' என்று ஒரு தாளை ஒட்டினார். இரண்டாவது பெட்டி பழைய பெட்டி இருந்த அதே சாமி அலமாரி உச்சியில். கம்பி வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று அலமாரிக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோனார். அதிலிருந்து என் அறைக்கு லைன் வரும். மூன்றாவது பெட்டி சமையலறையில். அங்கே இணையம் யாருக்கு வேண்டும், குக்கருக்கா என்று கேட்டேன். பிறகு போனில் ஒரு செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு ஏதேதோ அமுக்கினார். நாடாளுமன்றத்தில் சட்டம் போடுபவர்கள்கூட அவ்வளவு நேரம் உட்கார மாட்டார்கள்.

இத்தனைக்கும் பலன்? சாயங்காலம் அவர் நாற்காலியில் சாய்ந்து காற்பந்து பார்ப்பார். அவருடைய போனில் பந்து ஓடாது, வட்டம்தான் சுற்றும். "மெஷ் வாத்தியாரே, உங்க போன்ல மட்டும் கோலே விழ மாட்டேங்குதே?" என்பேன். "லைன் ஸ்லோ லா," என்று தலையைச் சொறிவார். எனக்கு அது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

என் லைன்? செவ்வாய்க்கிழமை மழை. போனது. வியாழக்கிழமை மழை. போனது. கெடு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு உன்னோடு ஒரு மணி நேரம் காணொளியில் பேசுவேன், அதுதான் கடைசிச் சோதனை என்று சூப்பர்வைசர் எழுதிவிட்டார். கூடவே மேசையின் படத்தையும் அனுப்பியிருந்தார். ஜன்னலோரம்.

ஞாயிறு பின்மதியம் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எந்தப் பெட்டி எப்போது செத்தது என்று அந்தச் செயலி கணக்கு வைத்திருக்குமாம். கம்பெனிக்காரன் முகத்தில் வீச எனக்குச் சாட்சி வேண்டும், போனைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தேன். ஹால் பெட்டி ஒருநாள்கூட நிற்கவில்லை. மாடிப் பெட்டி மட்டும் செவ்வாய் மூன்று நாற்பதுக்கு, வியாழன் மூன்றேகாலுக்கு நின்று, பிறகு வந்திருந்தது.

"பாத்தீங்களா? மழை இல்ல, கம்பெனி இல்ல. நீங்க மூணு வாரம் தேடி எடுத்தீங்களே, அந்தப் பெட்டிதான் குப்பை!" என்று போனை அவர் கையில் திணித்தேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "கரண்ட் போயிருக்குன்னு காட்டுது. அந்த நேரத்துல வீட்ல யாரு இருந்தா?"

"நான்தான் இருந்தேன். வேற யாரு இருப்பா? உங்க ஹால் பெட்டியை ஒரு நாளாவது தொட்டிருப்பேனா? தாள் ஒட்டி வச்சீங்களே, நான் என்ன சின்னப் பிள்ளையா..."

அப்போது வெளியே இடி உருண்டது. நான் திட்டிக்கொண்டே டீவி சுவிட்சை அணைத்தேன். தண்ணீர் சூடாக்கியை அணைத்தேன். படியேறினேன். எங்கள் வீட்டில் இடி இடித்தால் சாமிக்கும் கரண்ட் கிடையாது. இரண்டு வருடம் முன்னால் ஒரு மின்னலில் சாமி அலமாரியின் மின்விளக்கு வெடித்துச் சுவர் கருகிப்போனது, அதிலிருந்து எனக்கு அப்படி ஒரு பழக்கம். வேலை நேரமாக இருந்தாலும், காதில் மாட்டிய ஹெட்செட்டோடு ஒரு சுற்றுச் சுற்றி அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறதே. இடி ஓய்ந்ததும் எல்லாவற்றையும் மறுபடி போட்டுவிடுவேன். சாமி சுவிட்சையும் அணைத்தேன்.

கீழே அவர் கையிலிருந்த போன் 'டிங்' என்றது.

நான் சுவிட்சில் விரல் வைத்தபடி நின்றேன். அவர் படியின் அடியில் நின்று போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோன கம்பியும் சாமி விளக்கின் கம்பியும் ஒரே சுவிட்சில்தான் முடிந்திருந்தன. பழைய பெட்டியும் அப்படியே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்கும் மேலே போய் மழையையே கோணல் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஒரு கம்பெனியை வேறு மாற்ற வைத்திருக்கிறேன்.

"சாமி லைட்டா?" என்று கேட்டார்.

"ம்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன். அவர் வேறு சுவிட்சிலிருந்து ஒரு நீளக் கம்பி இழுத்து, இடி தாங்கும் பிளக் ஒன்றை மாட்டி, பெட்டியைத் தனியாக்கிவிட்டு, "இனிமே உன் போன்லயும் இது இருக்கட்டும்," என்று செயலியை எனக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அதில் வரிசை என்று ஒரு பக்கம் இருந்தது. எந்தச் சாமானுக்கு லைன் முதலில், எதற்குக் கடைசி. முதல் இடத்தில் என் லேப்டாப். இருபத்து நான்கு மணி நேரமும். பிறகு என் போன், டீவி. கடைசியில் அவருடைய போன், அதுவும் சொட்டுச் சொட்டாக விடும்படி அளவு குறைத்து. பொருத்திய முதல் நாளே போட்டிருக்கிறார். வட்டம் சுற்றியது லைன் கோளாறு இல்லை. நான் சிரித்த அத்தனை சாயங்காலமும் எனக்கு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை நான்கு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் இடி. ஒவ்வொரு இடிக்கும் என் வலது கை தானாக எழுந்தது. அதைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சூப்பர்வைசரின் முகம் ஒரு மணி நேரமும் உறையாமல், கலையாமல், துல்லியமாகத் தெரிந்தது. கடைசியில், உன் லைன் நன்றாகத்தான் இருக்கிறது, மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றார்.

என் கணவர் எட்டு மணிக்கு வந்தார், தலை முதல் கால்வரை நனைந்து. சொன்னேன். தலையாட்டிவிட்டு மழைக்கோட்டைப் பிழிந்தார்.

"உங்க போன ஏங்க கடைசியில போட்டீங்க?"

கோட்டைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினார். "ஒரு வீட்டுக்கு ஒரு ஆளு அந்தப் பாலத்துல நின்னா போதும்லா."

அவர் சாப்பிடும்போது செயலியைத் திறந்து அவருடைய போனை முதலிடத்துக்குத் தூக்கிவைத்தேன். அன்றைக்குப் பந்து வட்டமில்லாமல் ஓடியது. கோல்கூட விழுந்தது. பார்க்கத்தான் ஆளில்லை, போனைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார்.