சுவரில் பூத்த செம்பருத்தி

யாரையும் எளிதில் நம்புகிற பிறவி இல்லை நான். கடை அண்ணாச்சி சீனி நிறுத்தால் தராசின் அடியைத் தடவிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். கடலுக்குள் பார்த்ததாக அவர் சொல்கிற கதையில் பாதியைத்தான் நம்புவேன். அப்படிப்பட்டவள் குடியிருக்கிற தெருவில், எமர்ஜென்சி நேரத்தில், டிஸ்பென்சரிச் சுவரில் ஒருவர் செடி வரைய வந்தால் சும்மா விடுவேனா?

அந்தச் சுவரில் முன்பு பெரிய சிவப்பு முக்கோணம் இருந்தது, கூர் கீழே பார்த்தபடி. குடும்பக் கட்டுப்பாட்டு அடையாளம். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போன ஆம்பிளைகளைப் பிடித்துவைத்து ஆபரேஷன் பண்ணிவிடுகிறார்கள் என்று தூத்துக்குடி முழுக்கப் பேச்சு. யாருக்கு நடந்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் எங்கள் தெருவில் அந்த வாசலை மிதிக்க ஆள் இல்லை. சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் நர்ஸம்மா ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர்தான் முக்கோணத்தை அழித்துவிட்டு வேறு ஏதாவது வரையச் சொல்லி, தோணிகளுக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டரைக் கூட்டிவந்தார்.

பெயிண்டர் புதிதாக ஒன்றும் வரையவில்லை. சுவரடியில் எது முளைத்துக் கிடந்ததோ அதையே வரைந்தார். சாக்கடையோரம் நின்ற குப்பைமேனி எங்கே முடிந்ததோ, அங்கிருந்து சுவரில் குப்பைமேனி ஏறியது. எருக்குக்கு மேல் எருக்கு, துத்திக்கு மேல் துத்தி. ஒவ்வோர் இலையும் சோறு தின்கிற தட்டு அளவு. தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். "அண்ணே, துத்தி மூலத்துக்கு, தெரியுமா?" "கீழாநெல்லிய விட்டுட்டியளே, மஞ்சக்காமாலைக்கு அதுதான?" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டே அதையும் வரைந்தார். ஒரு வாரத்தில் ரெண்டு பேர் கைக்குழந்தையோடு உள்ளேயே போய்விட்டார்கள்.

எனக்கும் அந்தச் சுவர் பிடித்துத்தான் இருந்தது. பிடித்ததால்தான் சந்தேகம் வந்தது. களைக்குப் போய் எவர் பெயிண்டைச் செலவழிப்பார்?

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி இருந்தது. மேலே அகலமாக விரிந்து, கீழே காம்பில் கூராக முடிகிற பெரிய சிவப்புப் பூ. உப்பு ஊறுகிற எங்கள் தெருவில் செம்பருத்தி ஏது? மற்றச் செடியெல்லாம் தரையில் நிற்க, இது மட்டும் எங்கிருந்து வந்தது? கிட்டே போய் நகத்தால் சுரண்டினேன். இதழுக்கு அடியில் நேர்கோடு. மாதாவே! அதே முக்கோணம்.

"என்னண்ணே இது, பூவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிய?" என்றேன்.

பெயிண்டர் அசடு வழிந்தார். "ஒளிக்கலக்கா. செவப்பு சுண்ணாம்புக்கு அடங்காது. மூணு தரம் அடிச்சும் வெளிய தெரியுது. அதான் பூவாக்கிட்டேன்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரிதான, தோணியிலயும் செவப்புக்கு மேல வெள்ளை அடிச்சா அப்படித்தான் ஊறி வரும்" என்றார். நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எனக்கு உயிர். அவள் புருஷனும் சங்கு குளிக்கிறவர்தான். முதலில் அவள் காதில் போட்டேன். "ஏளா, முக்கோணம் போகல. பூவுக்குள்ள இருக்கு. உள்ள போனா அவ்வளவுதான்."

சாயங்காலத்துக்குள் குழாயடி முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் சுவர்ப்பக்கம் நின்று வைத்தியம் பேச ஆள் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்காரர் துருப்பிடித்த நங்கூரத்தில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தார். குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துக் கட்டினேன். நர்ஸம்மா கேள்விப்பட்டு ஊசியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இலை கட்டுனது தப்பில்லம்மா. ஆனா செப்டிக் ஊசி போடாட்டி ரணஜன்னி வந்து தாடை இறுகிரும். வந்துட்டா ஆளு தங்காது" என்றார்.

"ஊசிக்குள்ள என்ன இருக்கோ, யாரு கண்டா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப மொதல்ல ஒனக்கே போடுதேன், கையை நீட்டு!"

நீட்டினேன். பகல் முழுக்க எனக்கு என்ன ஆகிறது என்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வலித்ததைத் தவிர ஒன்றுமில்லை. சாயங்காலம் நர்ஸம்மா ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, ஊசியோடு மறுபடி வந்து நின்றபோது வழி விட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கால் ஆறியது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. குழாயடிக்குப் போய், "நான் சொன்னது தப்பு. அது வெறும் பூதான். பயப்படாம போங்க" என்றேன். ஒருத்தியும் குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆபரேஷனுக்கு என்ன குடுத்தாவ? டிரான்சிஸ்டரா, பிளாஸ்டிக் வாளியா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸம்மா ஒரே நாளில் ரெண்டு தரம் என் வீட்டுக்கு வந்ததைத் தெருவே பார்த்திருந்தது. என் புருஷனுக்கு வீட்டிலேயே வைத்து ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர் காலில் ஆணி ஏறியது. ஓடினேன். "ஏளா, ஒன் கால்ல விழுதேன். அவருக்கு ஊசி போடச் சொல்லு."

அவள் கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். "நீதான சொன்ன, உள்ள போனா அவ்வளவுதான்னு? ஒன் வீட்டுல முடிஞ்சிட்டு, எங்க வீட்டையும் முடிக்கணுமாக்கும்?"

நர்ஸம்மா ஊசியோடு போனபோதும் அவள் உள்ளே விடவில்லை. எட்டாம் நாள் அவள் புருஷனுக்குத் தாடை இறுகியது. நாலு பேர் பிடித்தும் உடம்பு வில்லாக வளைந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் பிணமாகத்தான் வந்தார். அதன்பிறகு அந்தச் சுவரைப் பார்க்க முடியாமல், தண்ணீருக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன்.

அவர் செத்து நாலு மாதத்தில் எனக்கு வயிறு தெரிந்தது. பக்கத்து வீட்டில் அவள் தனியாக நிற்க, எனக்கு அதைக் காட்டிக்கொள்ளக் கூச்சம். சேலையை எப்படிக் கட்டினாலும் மறைக்க முடியவில்லை. என் புருஷனுக்கு ஆபரேஷன் எதுவும் ஆகவில்லை என்பது அப்போதுதான் தெருவுக்கு உறைத்தது. அந்த வாரமே டிஸ்பென்சரியில் கூட்டம். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரைந்த செடிகளை ஒட்டி வாசல்வரை வரிசையாக நின்றார்கள்.

நானும் மாதச் சோதனைக்குப் போனேன். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரி, இருமுகிற மகளோடு நின்றாள். புருஷன் போனதிலிருந்து என்னோடு பேசாதவள், திரும்பி என் வயிற்றில் கை வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏளா, இத ஒரு நாலு மாசம் முன்னால காட்டியிருக்கக் கூடாதா?" என்றாள்.