மகளிர் குழுவில் தேவராஜ்

மாதனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் நடத்திய முதல் திட்டமிடல் கூட்டத்துக்குப் பெண்களை அழைத்திருந்தோம். வந்தது ஆண்கள். வறட்சிப் பகுதி விவசாயக் குடும்பங்களுக்கு வாழ்வாதாரத் திட்டம் போடுகிற தொண்டு நிறுவனத்தில் நான் ஃபீல்டு கோஆர்டினேட்டராகச் சேர்ந்த புதிது. சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் டைரக்டர், பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்த மீசைகளை ஒரு சுற்று பார்த்தார்.

"லேடீஸ் எங்க?"

"கம்பெனி பஸ் ஏறிப் போய்ட்டாங்க சார், ஷூ தைக்க" என்றார் தேவராஜ் என்கிற விவசாயி.

"அப்ப விவசாயம் பண்றது யாரு?"

"மழ வந்தா நாங்க சார். வரலன்னா இப்டி கூட்டத்துக்கு வருவோம்."

டைரக்டர் சிரிக்கவில்லை. கூட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

வாரம் முழுக்கத் தோல் தைத்த பெண்களுக்கு ஞாயிறுதான் துணி துவைக்கிற நாள், மாவு அரைக்கிற நாள். வந்தார்கள். எதைக் கேட்டாலும் கை தூக்கினார்கள். சீக்கிரம் தூக்கினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். "எல்லாரும் ஒரே மனசா கறவை மாடு கேக்கறாங்க பாருங்க மேடம்" என்று டைரக்டர் என்னிடம் சொல்லிப் பூரித்துப்போனார். மக்கள் பங்கேற்புடன் திட்டம் தயார்.

மாடு மகளிர் குழு உறுப்பினர் பெயரில். பால் கார்டும் அவர் பெயரில். பெண்கள் முன்னேற்றம் என்பதால் அவரே தன் கையால் சொசைட்டியில் பால் ஊற்ற வேண்டும், ஊற்றத் தவறினால் மாடு வேறொருவருக்குப் போய்விடும். நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். சொசைட்டி திறக்கிற நேரமும் கம்பெனி பஸ் வருகிற நேரமும் ஒன்று என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

தேவராஜின் மனைவி வளர்மதிக்கு ஒரு மாடு வந்தது. அந்த வருஷம் அவர்கள் போட்ட வேர்க்கடலை கருகிப்போயிருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது வளர்மதியின் ஸ்டிச்சிங் செக்‌ஷன் சம்பளத்தில். குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, கறப்பது எல்லாம் தேவராஜ். காய்ந்த நிலத்தையே பார்த்து உட்கார்ந்திருந்த மனிதருக்கு முகத்தில் களை வந்தது. ஆனால் அவர் பாலைக் கொண்டுபோனால் சொசைட்டி செக்ரெட்டரி வாங்க மாட்டார்.

"கார்டு உன் சம்சாரம் பேர்ல கீது. அந்தம்மாவ வரச் சொல்லுப்பா."

வளர்மதி கேனோடு வரிசையில் நிற்கும்போதே பஸ் ஹாரன் கேட்கும். சில நாள் பஸ்ஸை விட்டார், சூப்பர்வைசர் திட்டினார். சில நாள் பாலை விட்டார், நாங்கள் திட்டினோம். கடைசியில் கம்பெனியில், இன்னொரு முறை லேட் என்றால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வாரம் எங்கள் ரிவ்யூ மீட்டிங்குக்கும் நாங்கள் அவரைக் கூப்பிட்டோம். லீவு போட்டுவிட்டு வந்தார்.

"கம்பெனி வேலை எத்தன நாளைக்கும்மா? விவசாயக் குடும்பத்துக்கு மாடுதான் நிரந்தரம். யோசிச்சு முடிவு பண்ணுங்க" என்றார் டைரக்டர்.

"யோசிக்க இன்னா சார் இருக்குது? மாட்ட ஓட்டிக்கினு போங்க. அதுக்குத் தீனியே கம்பெனி சம்பளத்துலதான் வாங்கறேன். கறக்கறது அவரு, பாத்துக்கறது அவரு. என்ன எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? ரொம்ப பேஜாரா இருக்குது."

பின்வரிசையில் தேவராஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாட்டைத் திருப்பி எடுத்தால் ரிப்போர்ட்டில் 'டிராப் அவுட்' என்று எழுத வேண்டும். டைரக்டருக்கு வறட்சியைவிட அந்த வார்த்தைதான் பயம். "கார்டை அவர் பேருக்கு மாத்தலாம் சார்" என்றேன்.

"குழு மெம்பருக்குத்தானே மேடம் கார்டு?"

"அப்ப அவரையும் மகளிர் குழுல சேத்துடுங்க."

கோபத்தில் குத்தலாகச் சொன்னேன். அவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு தேவராஜ் முறைப்படி மகளிர் குழு உறுப்பினரானார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் தவறாமல் வந்த ஒரே உறுப்பினர் அவர்தான். வளர்மதி நிம்மதியாக பஸ் ஏறினார்.

ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க ஒருவர் வந்தார். வளர்மதி பக்கத்தில் போனதும் மாடு துள்ளியது. தேவராஜ் கயிற்றைப் பிடித்ததும் அடங்கியது.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளுங்க. லேடீஸ் மட்டும்தான் வேணும்."

அவர் தள்ளிப்போனார். மாடும் கூடவே போனது. கடைசியில் மாட்டுக்கு அந்தப்புறம் அவரைக் குனிந்து நிற்க வைத்து ஒருவழியாக எடுத்தார்கள். 'தன் கையால் மாடு வளர்த்து வறட்சியை வென்ற வளர்மதி' என்று அச்சாகி வந்தது. கொண்டுபோய்க் காட்டினேன்.

"எங்க வூட்டுக்காரரு எங்க மேடம்?" என்றார் வளர்மதி.

தேவராஜ் எட்டிப் பார்த்தார். "கீழ பாரு, மாட்டுக் காலுக்கு நடுவுல. அது என் காலுதான்" என்றார் சந்தோஷமாக.

புதிதாகத் திட்டம் போட வருகிறவர்களிடம் அந்தப் படத்தைத்தான் நீட்டுகிறேன். இதில் மொத்தம் எத்தனை கால் என்று எண்ணுங்கள், பிறகு பேனாவை எடுங்கள் என்கிறேன். மாட்டுக்கு நான்கு, வளர்மதிக்கு இரண்டு என்று பெரும்பாலும் ஆறு என்கிறார்கள்.