ஒர்லீனா கையில் ஜாடி

ஒர்லீனா ஸ்டிடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. நானூறு பிள்ளைகளுக்குச் சோளரொட்டியும் பீன்ஸும் ஆக்கிப்போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் விரல்களில் தையல்காரர் மாட்டும் உலோகக் குப்பிகளை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். பென்ட் க்ரீக் ஜாடிக் கோஷ்டி என்ற எங்கள் பாட்டுக் குழுவில் பத்தொன்பது வருஷமாக அவள்தான் துவைப்பலகை. துணி தேய்க்கும் அந்தத் தகரப் பலகையைக் குப்பி விரலால் அவள் சுரண்டினால் செத்தவன்கூடக் காலாட்டுவான்.

அவள் ஆசையெல்லாம் வாயருகே பிடித்து ஊதி அடித்தொண்டைச் சத்தம் எழுப்புகிற ஜாடியின் மேல்.

ஜாடி டாய்ல் கூம்ஸுடையது. டிராக்டர் மெக்கானிக், கோஷ்டியை ஆரம்பித்தவர். "உனக்கு மூச்சு பத்தாது ஒர்லீனா" என்று முதல் வருஷம் சொன்னவர், அதையே வருஷந்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார். கோஷ்டிக்கு ஒரே விதி, அதுவும் அவர் போட்டது: வாத்தியத்தை விட்டவன் அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அடுத்து எடுக்கிறவனுக்கு அது சொந்தம். பேஞ்சோக்காரர் மகள் வீட்டோடு டென்னசி போனார், பேஞ்சோ தங்கிவிட்டது. கவிழ்த்த தொட்டியில் விளக்குமாற்றுக் கம்பும் கயிறும் கட்டி மீட்டுகிற பேஸை ஒருவன் கார் ஆலை வேலைக்காக விட்டான், இன்னொருவன் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு விட்டான். ஆறாவது ஆளாக அந்தக் கயிறு என் கைக்கு வந்தது. சர்ச் விருந்து, மாட்டு ஏலம், தீயணைப்புக்காரர்களின் மீன் வறுவல் என்று எங்கே கூப்பிட்டாலும் போனோம். ஆட்கள் மாறினார்கள். ஜாடி மட்டும் கை மாறவில்லை.

அந்த ஆகஸ்டில் மாவட்டச் சந்தையின் கடைசி நிகழ்ச்சி, வழக்கம்போல எங்களுக்கு. ஆனால் சந்தைக் கமிட்டித் தலைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: பெரிய ஒலிபெருக்கிகளோடு ஒரு பையன்கள் கோஷ்டி காத்திருக்கிறது, இந்தத் தடவை சொதப்பினால் அடுத்த வருஷத்திலிருந்து அந்த இடம் அவர்களுக்கு.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஒத்திகை பார்க்க மேடையேறினோம். டாய்ல் சிரித்தார். வாய் நிறைய வெள்ளை வெளேரென்று பல்.

"என்னய்யா இது?" என்றான் கிட்டார் வாசிக்கிற தபால்காரன் வேட்.

"அக்டோபர்ல எனக்குக் கல்யாணம். போட்டோவுல பொக்கையாவா நிக்கிறது? இருந்ததையெல்லாம் புடுங்கிட்டு, அன்னைக்கே கட்டிட்டாரு டாக்டர். வியாழக்கிழமை."

"முந்தாநேத்தா!" ஒர்லீனா இடுப்பில் கை வைத்தாள். "சந்தை முடியறவரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"ஊதுறது உதட்டாலதானே? பல்லாலயா ஊதுறேன்?"

ஜாடியை வாயருகே பிடித்து உதட்டை அதிர வைத்தார். வந்தது காற்று. மறுபடி ஊதினார். மேல்தட்டுப் பல் நழுவி ஜாடி விளிம்பில் டிங்கென்று மோதி மேடையில் விழுந்தது.

"கழட்டியாச்சுல்ல, இப்ப ஊது" என்றாள் ஒர்லீனா.

ஊதினார். ஈறெல்லாம் வீங்கிக் கிடந்தது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜாடியில்லாத ஜாடிக் கோஷ்டியை யார் கேட்பார்கள்?

"கொண்டா இப்படி" என்றாள்.

"விளையாடாத. பத்து கேலன் காத்து கேக்கும் அது."

"பதினொரு வருஷமா எங்க கிச்சன்ல காலி வினிகர் ஜாடிய ஊதுறேன். பிள்ளைங்க சாப்பிட வர்றதுக்கு முன்னால, தினமும். பாத்திரம் கழுவுறவங்களக் கேட்டுப் பாரு."

வேறு வழியில்லை. ஏழு மணிக்கு அறுநூறு பேருக்கு முன்னால் ஏறினோம். டாய்லுக்குத் துவைப்பலகை. அவர் தடித்த விரலில் ஒரு குப்பிகூட ஏறவில்லை. எலுமிச்சை சர்பத் கடையில் இரண்டு கரண்டி கடன் வாங்கினார்.

பாட்டு நடுவில் ஓரிடத்தில் நாங்கள் எல்லோரும் சட்டென்று நிறுத்துவோம். இரண்டு தாளம் ஜாடி மட்டும் பேசும். ஆள் சரியில்லாவிட்டால் அங்கே மானம் போகும். நிறுத்தினோம். ஒர்லீனா ஜாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஊதினாள். 'பூம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். அது இறங்கியது, வழுக்கியது, திரும்பி ஏறியது. பலகையெல்லாம் அதிர்ந்தது. இரண்டு தாளம் முடிந்தும் அவள் விடவில்லை. நாலு, ஆறு. நாங்கள் உள்ளே நுழைய மறந்து நின்றோம். டாய்ல்கூட ஒருநாளும் அந்த இடத்தை அப்படி நீட்டியதில்லை. கூட்டம் மரப்பெஞ்சுகளில் காலால் உதைக்க ஆரம்பித்தது. பன்றிக்கொட்டகையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"இன்னொரு தடவ!" பல்லில்லாத வாயோடு முதலில் கத்தியது டாய்ல்தான்.

மூன்று தடவை வாசித்தோம். கமிட்டித் தலைவி மேடையேறி, அடுத்த வருஷமும் கடைசி நிகழ்ச்சி எங்களுக்கே என்று ஒலிவாங்கியில் சொன்னாள்.

ஈறு ஆற ஆறு வாரமாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை டாய்ல் பல்லோடு வந்து, சர்வசாதாரணமாக ஜாடி பக்கம் கையை நீட்டினார்.

ஒர்லீனா அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "விட்டவன் விட்டுட்டுத்தான் போகணும். யாரு போட்ட விதி?"

டாய்ல் எங்கள் முகங்களைப் பார்த்தார். வேட் கிட்டார் நரம்பை முறுக்கினான். நான் கயிற்றைச் சரிபார்த்தேன்.

"அடப்பாவிங்களா" என்றார் டாய்ல். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பெரிய அளவில் எட்டு விரல்குப்பிகள்.

"ஜாடியக் கேட்டுப் பாப்போம், கெடைக்கலேன்னா இதுன்னு வாங்கி வெச்சேன்" என்று முனகியபடி ஒவ்வொன்றாக மாட்டினார்.

"பேச்ச விடு, சுரண்டு" என்றாள் ஒர்லீனா, மூச்சை இழுத்துக்கொண்டு.