கூட்டத்தில் சேர்ந்த கம்ப்யூட்டர்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கம்ப்யூட்டர்களாகப் பார்த்து வாங்கி வந்து, சிட்லபாக்கத்து வீட்டின் முன்னறையில் ஒயர் போட்டு இணைத்து வைத்திருந்தேன். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போட வேண்டும். ஏரி நிரம்பினால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்கிற கணக்கு. யாரும் கேட்கவில்லை, எனக்குத்தான் ஆசை.

ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து தயார்செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் அந்த ஒயரில் எதைச் செருகி ஆன் செய்தாலும், அதன் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துவிட்டுக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்படி செய்துவைத்தேன். அப்படியொரு புத்திசாலி நான். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

மனைவியின் கம்ப்யூட்டரும் அதே சந்தைச் சரக்குதான். குழந்தைக்காக வேலையை விட்டவள், பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களைப் பேசிப் பதிவுசெய்து அதில் சேர்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஆன்லைனில் வகுப்பு தொடங்குவதாக இருந்தது. அன்று காலை வைஃபை படுத்தியது. சும்மா தொங்கிய என் ஒயரைச் செருகி, ஆன் செய்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள்.

என் திரையில் எண்ணிக்கை ஒன்று கூடியது. செத்துக் கிடந்த ஏதோ ஒன்று பிழைத்துக்கொண்டது என்று குஷியாகி, பெரிய கணக்கை ஓடவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். “என்னங்க, என் கம்ப்யூட்டர்ல ஏதோ எழுத்து எழுத்தா ஓடிட்டே இருக்கு?”

என் திரையில் கூடிய அந்த ஒன்று எது என்று அப்போதுதான் புரிந்தது. அதை அந்த நொடியே நிறுத்தியிருக்க வேண்டும். துடைத்த பாடங்களைக்கூட மீட்கலாம், ஓட ஓட அவற்றின் மேல் என் கணக்கு எழுதப்பட்டுவிட்டால் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று நின்றாலும் மொத்தக் கணக்கும் போச்சு. “நான் பாத்துக்கறேன், நீ போ” என்றேன். சாயங்காலம் கணக்கு முடிந்த பிறகுதான் ஒயரைப் பிடுங்கினேன். விடை சரியாக வந்ததில் சந்தோஷம்கூடப் பட்டேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

மறுநாள் தாம்பரம் கடையில் ரிப்பேர்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். “தெரிஞ்ச ஒடனே ஆஃப் பண்ணிருந்தா எதுனா எடுத்துருக்கலாம் சார். இது அதுமேலயே எழுதிகினே இருந்துகீது.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “இல்லண்ணா, நான் சொன்ன உடனே இவர் ஆஃப் பண்ணிட்டாரு.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.