விசில் அடிக்கும்போது கேட்கிற செட்டு

ஷிஃப்டில் உட்காருவதற்கு முன்னால் ஹெட்செட்டின் பஞ்சு உறைகளைத் துடைத்துக் காயவைப்பது கன்ட்ரோல் அக்காவின் முதல் வேலை. யாரும் சொல்லி வந்த பழக்கமில்லை. முந்தைய ஷிஃப்ட்காரர் காதுகூட வியர்க்கிற மனிதர், அவ்வளவுதான். துடைத்து முடித்ததும் தலையில் மாட்டிக்கொள்வார். நான்கு வருடமாக இடது காதுக்கு மட்டும். வலது பக்கத்து உறை காதுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். கேட்டால் "முடி கலையுது" என்பார்.

முடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தீயணைப்பு நிலையத்தின் வயர்லெஸ் இரைச்சலை இருபத்தாறு வருடம் கேட்டதில் வலது காது அடைத்தே போய்விட்டது. இது அவர் கணவருக்கு மட்டும்தான் தெரியும். நிலையத்தில் தெரிந்தால் காது டெஸ்ட்டுக்கு அனுப்புவார்கள். அடுத்து பதிவேட்டு அறையில் ஒரு மூலை. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதுவரை இந்த நாற்காலியை விடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம்.

இதுவரை யாரிடமும் பிடிபடாததற்குக் காரணம் தொழிலின் ஒரு வழக்கம். நெருப்புக்குள் போனவர் வயர்லெஸ் செட்டில் என்ன சொன்னாலும் கன்ட்ரோல் அறையில் இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அவர் அங்கிருந்தே திருத்துவார். அக்கா திருப்பிச் சொல்வதில் கெட்டிக்காரர். முன்பெல்லாம் திருத்தமே வராது. இப்போது எப்போதாவது ஒன்று வருகிறது.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கையில் எடுத்துப் போகிற செட்டுக்குச் செங்கல் என்று பெயர். கனமும் அதேதான். பொத்தானை அழுத்தியதும் 'சர்ர்' என்று ஒரு இரைச்சல், அப்புறம்தான் குரல். அந்தச் 'சர்ர்' நீளத்தை வைத்தே யார் பேசப்போகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். ஒருவர் அழுத்திவிட்டு யோசிப்பார். பக்கத்து நிலையத்தில் பம்ப் வண்டி ஓட்டுகிறவர் மட்டும் அழுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவார். அவருடைய முதல் வார்த்தை ஒரு நாளும் வந்து சேர்ந்ததில்லை.

"முதல் வார்த்தை வரல. திரும்பச் சொல்லுங்க."

முகமே பார்க்காமல் மூன்று வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது வருடம் அவரையே கட்டிக்கொண்டார்.

கிடங்குத் தீ ஒன்று பழைய ஆட்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே போனவருடைய முதுகு சிலிண்டரில் காற்று தீரும் தறுவாயில் எச்சரிக்கை விசில் அடித்தது. விசிலோடு விசிலாக, இரைச்சலோடு இரைச்சலாக, "பின்பக்க ஷட்டர்… கால் மாட்டிக்கிச்சு" என்று அவர் சொன்னதை அக்கா எடுத்துத் திருப்பிச் சொன்னார். ஷட்டரை உடைத்து ஆளை வெளியே இழுத்துவந்தார்கள். அந்த மனிதர் இப்போது ஓய்வு பெற்று, பேத்தியைப் பள்ளியில் விடும் உத்தியோகம் பார்க்கிறார்.

இந்த வருடம் பழைய செட்டுகளை மாற்ற உத்தரவு வந்தது. சாம்பிள் இரண்டு. ஒன்று பெரிசு, பழைய ஜாதி, இரைச்சலோடு வரும். இன்னொன்று சின்னது, புதுசு, சத்தத்தையெல்லாம் தானே வடிகட்டிவிடுமாம். தேர்ந்தெடுக்கும் குழுவில் நிலைய அதிகாரி, ஸ்டோர்காரர், மூன்றாவதாக அக்கா.

அன்று மத்தியானம் கணவர் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் வலது பக்கம் நின்று ஏதோ சொன்னார். பதில் இல்லை. சுற்றி வந்து இடது பக்கம் நின்றார்.

"அந்த வலது காதுக் கிளை ஆபீஸ் இன்னிக்கும் லீவா?"

"முதல் வார்த்தை வரல."

"நாளைக்கு மீட்டிங்ல வாயைத் திறக்காதன்னு சொன்னேன். அவங்க எதைக் காட்டுறாங்களோ அதுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு."

"எப்படிங்க? கேட்டுப் பார்க்காமலா?"

"நீ கேட்டுப் பார்க்கப் போய் அவங்க உன்னைக் கேட்டுப் பார்க்க ஆரம்பிச்சா? ரெண்டு வருஷம்மா. கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்."

"காதைத்தான் மூடிக்கிட்டு இருக்கேனே" என்று அக்கா தலையணை உறையை அவர் கையிலிருந்து பிடுங்கி ஒழுங்காக மடித்தார். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது.

மறுநாள் மீட்டிங் அறையில் விற்பனைக்காரப் பையன் சின்ன செட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். அடுத்த அறைக்குப் போய்ப் பேசினான். கண்ணாடி மாதிரிக் குரல். பின்னால் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. அக்காவின் இடது காதுக்கு அது சுகமாக இருந்தது. இந்தச் செட்டு வந்தால் ஒற்றைக் காதோடு இரண்டு வருடம் என்ன, நான்கு வருடமே ஓட்டிவிடலாம்.

ஸ்டோர்காரர், "அடேங்கப்பா, என் வீட்டுக்காரி போன்ல பேசினாக்கூட இவ்வளவு தெளிவா கேக்காது" என்றார்.

"அதுக்குச் செட்டு என்ன பண்ணும்? நீங்க கேக்கணும்" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அக்காவும் சிரித்தார். கையெழுத்துக்குத் தாள் நகர்ந்து தன் பக்கம் வந்தபோது, தொடாமல் கேட்டார்.

"சார், மாஸ்க் போட்டு, விசில் அடிக்கவிட்டுக் கேட்டோமா?"

"இல்லியே."

"அடுத்த ரூம்ல நின்னு யாரும் உதவி கேக்க மாட்டாங்க சார்."

நிலையத்திலேயே உயரமான வீரர், நெட்டை என்று பெயர், மாஸ்க்கும் காற்றுச் சிலிண்டருமாக கீழ்த்தளத்துக்குப் போனார். சிலிண்டரில் விசில் அடிக்கிற அளவுக்குத்தான் காற்று. என்ன பேசப்போகிறார் என்பதைச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேலே யாருக்கும் தெரியாது.

சின்ன செட்டு பேசியது. பேசியது என்றா சொல்வது? விசில் எது, குரல் எது என்று அதற்கே குழப்பம். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் தண்ணீருக்குள் யாரோ கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் அக்கா.

பையன் பணிவாகத்தான் சொன்னான். "மேடத்துக்கு வயசாச்சு இல்லீங்களா சார். இத்தனை வருஷம் ஹெட்செட் போட்ட காது. எல்லா ஊர்லயும் சீனியர்ங்க இப்படித்தான் சொல்றாங்க. ஒரு காது டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சுடும்."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"டெஸ்ட்டெல்லாம் வேண்டாம் தம்பி, நானே சொல்றேன். வலது காது சுத்தமா கேக்காது. நாலு வருஷமா." அக்கா வெற்றுத் தாள்களை எடுத்து ஆளுக்கொன்றாகத் தள்ளினார். "என் காதை விட்டுடுங்க. உங்க மூணு பேருக்கும் சேர்த்து ஆறு காது இருக்கே. இப்ப நெட்டை என்ன சொன்னார்னு ஒவ்வொருத்தரும் எழுதுங்க. பக்கத்துல பார்க்கக் கூடாது."

அதிகாரி வெகுநேரம் யோசித்து ஒரே ஒரு சொல் எழுதினார், அதற்கும் ஒரு கேள்விக்குறி. ஸ்டோர்காரர் ஒரு கோடு இழுத்து நிறுத்திக்கொண்டார். பையன் பேனாவைத் திறக்கவே இல்லை.

பிறகு பெரிய செட்டில் நெட்டை அதையே மறுபடி சொன்னார். காது கூசுகிற இரைச்சல். ஸ்டோர்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனால் விசிலுக்குக் கீழே குரல் ஓடிக்கொண்டேயிருந்தது. இந்த முறை நான்கு பேனாக்களும் அசைந்தன.

நெட்டை மேலே வந்தார். மாஸ்க் பதிந்த கோடு முகத்தில் அப்படியே இருந்தது. சீட்டைப் பிரித்து வாசித்தார். "ரெண்டாவது அறையில இருக்கேன். கூரை இறங்குது. ஒரு ஆளை இழுத்துட்டு வர்றேன். தண்ணியை நிறுத்தாதீங்க."

நான்கு தாள்களிலும் அதுதான் இருந்தது. அக்காவின் தாளில் 'நிறுத்தாதீங்க' என்பதற்கு அடியில் ஒரு கோடும் இருந்தது.

"பெரிசையே எழுதிடறேன்" என்றார் அதிகாரி. பையன் சின்ன செட்டை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினான். நல்ல பையன்தான். போகும்போது, "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றான். ஸ்டோர்காரரும் நெட்டையும் அவன் பின்னாலேயே போனார்கள்.

அதிகாரி போகவில்லை. மூடிய பேனாவை மறுபடி திறந்து மூடினார்.

"நீங்க சொன்னதை நான் கேக்கலைன்னு வச்சுக்க முடியாதுக்கா."

"தெரியும் சார்."

"நாளைக்கே டெஸ்ட்டுக்கு எழுதணும். அதுவரைக்கும் உங்க நாற்காலியில வேற ஆளைப் போடணும்."

"போடுங்க சார். காது வியர்க்காத ஆளாப் பார்த்துப் போடுங்க."

அவர் சிரிக்கவில்லை. சின்ன செட்டு வைத்திருந்த இடத்தை, அது இன்னும் அங்கே இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் செட்டு ஒரு தடவை வார்த்தையை விட்டதுக்கே வேண்டாம்னு சொன்னீங்க. இந்த நாலு வருஷத்துல… நம்ம பசங்க உள்ள இருக்கும்போது, நீங்க எதையாவது விட்டிருக்கீங்களாக்கா?"

அதிகாரி நின்றிருந்தது அக்காவின் இடது பக்கம்தான். அக்கா நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார்.