தட்டுக்கு அடியில் பார்ப்பவர்

பாஷ்யம் முப்பத்திரண்டு வருடம் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தார். செங்கல்பட்டு, மதுராந்தகம், மறுபடியும் செங்கல்பட்டு. கடைகளுக்குப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது வேலை. குத்தியதைவிடப் பறிமுதல் செய்தது அதிகம் என்று கடைத்தெருவில் சொல்வார்கள்.

வேலையில் சேர்ந்த வருடம் ஒரு மளிகைக்கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து நின்று, "ஐயா கால் வச்சாலே கடைக்கு ஒரு களை" என்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பாஷ்யம் உட்காரவில்லை. நேராகப் போய்த் தராசுத் தட்டைத் தூக்கிப் பார்த்தார். அடியில் நெல்லிக்காய் அளவுக்குப் புளி ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து யாராவது நல்ல வார்த்தை சொன்னால் அவர் கண் தானாகக் கீழே போகும்.

அவருக்குப் பிடித்த முறை சோதனைக் கொள்முதல். முகம் தெரியாத ஒருவரைச் சாதாரண வாடிக்கையாளர் போல அனுப்பி ஒரு கிலோ பருப்பு வாங்கிவரச் சொல்வார். தெருமுனையில் நின்று அதை நிறுத்துப் பார்ப்பார். கடைக்காரர் பேசுவதை அவர் நம்பியதே இல்லை. பொட்டலம் பேசும்.

1999இல் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் ஐந்து பேர் அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார்கள். அதில் மூன்று பேருக்கு அவர் மெமோ கொடுத்திருந்தார். மாலையை வீட்டுக்கு எடுத்துவரவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி கோமளம் கல்யாணமான புதிதில் "ரசம் எப்படி?" என்று கேட்பாள். அவர் பதில் சொன்னதில்லை. சில வருடங்களில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

2006 ஜூனில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். மகன் கிரிஷுக்கு அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டான். கால் தேறியது. கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் திரும்பி வந்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் வரவில்லை.

"ஆறு மாசத்துக்குள்ள வர்றது வந்துடும். அதுக்கப்புறம் பெரிசா எதிர்பார்க்க முடியாது" என்றார் டாக்டர். ஆறு மாதம் என்றால் டிசம்பர்.

பாஷ்யத்துக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். காலையில் குளித்ததும் இடது உள்ளங்கையைக் குழித்து, அதில் சொட்டுத் தண்ணீர் விட்டுத் திருமண்ணைக் குழைத்து, வலக்கையால் நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டும். பூணூல் போட்ட வயதிலிருந்து செய்துவந்த காரியம். இப்போது உள்ளங்கை குழியவில்லை. சுண்டுவிரல் பக்கமாகத் தண்ணீர் ஒழுகிவிடுகிறது. கோமளம் ஒரு கிண்ணத்தில் குழைத்து அவளே இட்டுவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"இன்னிக்கு விரல் கொஞ்சம் அசையறாப்ல இருக்கே" என்பாள்.

"இல்லை" என்பார்.

கிரிஷும் அதையே சொன்னான். எதிர்வீட்டுக்காரர்களும் சொன்னார்கள். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

ரப்பர் பந்தை அழுத்தச் சொன்ன பிசியோதெரபிஸ்ட், அவர் அதைத் தொடுவதே இல்லை என்று தெரிந்ததும், தந்தி வாத்தியம் ஏதாவது பழகலாம் என்றார். கோமளத்தின் வீணை இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு அவரால் தரையில் உட்கார முடியாது. மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் யுகுலேலே சொல்லித்தருகிறார்கள் என்று கிரிஷ் விசாரித்து வந்தான். முழங்கை நீளத்தில் ஒரு குட்டி கிடார். நாலே தந்தி, நைலான், விரலை அறுக்காது.

சொல்லிக்கொடுப்பவள் பெயர் வேண்டா. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். லாட்ஜில் துணி துவைப்பதும் காலை நாஸ்தா போடுவதும் அவள் வேலை. வருடா வருடம் குளிர்காலத்தில் வந்து தங்கிய ஒரு பிரெஞ்சுக்காரியிடம் ஆறு வருடம் கற்றுக்கொண்டாள். கடைசியாகப் போனபோது அந்த அம்மாள் தன் வாத்தியங்கள் இரண்டையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் கிரிஷ் அப்பாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். வேண்டாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போய் இரண்டு நிமிடம் பேசினான். பாஷ்யம் அதைப் பார்த்தார். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

பூவரச மரத்தடியில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர். சுற்றுலா வேன் ஓட்டும் ராஜேந்திரன். பிறகு பாஷ்யம். ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் வேண்டா நல்லதாக ஒரு வாக்கியம் சொல்வாள். தப்பைச் சொல்வதில்லை. தன் வாத்தியத்தை எடுத்து அந்த இடத்தை மறுபடி வாசித்துக் காட்டுவாள், அவ்வளவுதான்.

ராஜேந்திரன் வாசித்தது பாஷ்யத்துக்குத் தகர டப்பா உருள்வது போல இருந்தது.

"நிக்காம போய்கினே இருந்தீங்க அண்ணாத்த. அது நல்லா கீது" என்றாள் வேண்டா.

"வண்டி ஓட்றவன் நடுரோட்ல நிப்பனா?" என்றான் ராஜேந்திரன்.

பாஷ்யம் வெறும் தந்தியை நாலு முறை மீட்டினார்.

"சாயாம உக்காந்துகினு வாசிச்சீங்க சார். நல்லா இருந்துச்சி."

வீட்டில் கோமளம் கேட்டாள். "என்ன சொன்னா?"

"உட்கார்ந்திருக்கறது நன்னாருக்காம்."

"நல்லதுதானே?"

"முப்பத்திரண்டு வருஷம் கவர்மெண்ட்ல உட்கார்ந்திருக்கேன். அதை இவ சொல்லணுமா?"

எல்லோருக்கும் முதல் பாடம் 'சி' என்ற ஸ்வரக்கூட்டு. ஒரே விரல் போதும். மோதிர விரலால் கீழ்த்தந்தியை, வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே பதித்த மெட்டுகளில் மூன்றாவதில், அழுத்த வேண்டும். இரண்டாம் வாரம் பாஷ்யம் மோதிர விரலை வலக்கையால் தூக்கி அந்த மெட்டில் வைத்தார். அது சரிந்து விழுந்தது. மறுபடி வைத்தார்.

"அது இப்ப வேணாம் சார்" என்றாள் வேண்டா. "ஆள்காட்டி வெரலால புடிங்க. அது பாட்டுக்கு கெடக்கட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது பாஷ்யம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். கிரிஷ் சொல்லியிருக்கிறான். அந்த விரல் வராது, அப்பா மனசு கஷ்டப்படாமல் ஏதாவது நல்லதாகச் சொல்லிக்கொண்டிரு என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறான். டாக்டர் கிரிஷிடம் சொல்லியிருப்பார்.

கடைக்காரர்களின் வாக்குமூலத்தை எழுதிக்கொள்வது போல அவள் சொன்னதையெல்லாம் ஒரு பாக்கெட் நோட்டில் எழுதினார். 'விரல் தேடாமல் போயிற்று.' 'நிறுத்தின இடம் சரி.' 'இன்று அவசரம் இல்லை.' நவம்பர் நடுவில் எடுத்துப் பார்த்தார். ஒன்பது வாரம், ஒன்பது நல்ல வார்த்தை. ஒரு குறைகூட இல்லை. இப்படி ஒரு கடை எங்கேயும் கிடையாது.

சோதனைக் கொள்முதல் செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மோசமாக வாசிப்பதில் பயனில்லை. வயசானவர் தடுமாறுகிறார் என்று அவள் தப்பித்துக்கொள்வாள். கிலோவுக்குப் பத்து கிராம் போலச் சின்னத் தப்பாக இருக்க வேண்டும். காது உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தும் நல்லது சொன்னால் அவள் சொன்ன ஒன்பதும் பொய். விரலைப் பற்றி எல்லோரும் சொல்வதும் பொய்.

அந்த வாரம் மழை. மரத்தடி சேறாகக் கிடந்ததால் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். ராஜேந்திரனும் பாஷ்யமும் மட்டும். ராஜேந்திரன் முடித்ததும் பாஷ்யம் வாத்தியத்தை எடுத்தார். 'சி' வாசித்தார். பிறகு 'எஃப்' பிடித்தார். அதற்கு ஆள்காட்டியும் நடுவிரலும். இரண்டும் அதனதன் இடத்தில் சரியாக இருந்தன. அதோடு, தொடவே கூடாத கீழ்த்தந்தியையும் இரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டினார்.

புளித்துப்போன சத்தம் வந்தது. ராஜேந்திரன்கூட முகத்தைச் சுளித்தான். பாஷ்யம் கையைப் பார்க்கவில்லை. வேண்டாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சிரித்தாள். "நல்லா கீது சார். ரொம்ப நல்லா கீது."

"எது நன்னாருக்கு?"

"இப்ப வாசிச்சது."

"தப்பா வாசிச்சேன்."

"ஆமா சார்."

"வேணும்னே தப்பா வாசிச்சேன். நீ என்ன சொல்றேன்னு பார்க்கறதுக்கு."

"இன்னா சார், இங்கயும் ரெய்டா?" என்றான் அவருடைய பழைய உத்தியோகம் தெரிந்த ராஜேந்திரன்.

"நீ சும்மா இரு" என்று அவனிடம் சொல்லிவிட்டு வேண்டாவைப் பார்த்தார். "மொத நாள் என் பிள்ளை உன்கிட்ட என்ன சொன்னான்?"

வேண்டா யோசித்தாள். "மாடில கிளாஸ் வெக்காத, அப்பாவால படி ஏற முடியாதுன்னாரு. அதான் கீழ வெச்சிகினேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"அப்போ தப்பை எதுக்கு நன்னாருக்குன்னே? தெரிஞ்சுதானே சொன்னே?"

"தெரிஞ்சுதான் சொன்னேன். அந்தத் தப்ப எந்த வெரலால பண்ணீங்க சார்?"

பாஷ்யம் குனிந்து பார்த்தார். ஆள்காட்டி முதல் மெட்டில் இருந்தது. நடுவிரல் மேல்தந்தியில். கீழ்த்தந்தியில், இரண்டாவது மெட்டில், மோதிர விரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

வெளியே கல்பட்டறையில் உளி விழும் சத்தம் கேட்டது.

"போன மாசம் செத்த பாம்பாட்டம் கெடந்துச்சே சார்" என்றான் ராஜேந்திரன்.

பாஷ்யம் விரலை எடுத்தார். மறுபடி வைக்கப் பார்த்தார். முதல் தடவை வந்தது. இரண்டாம் தடவை பாதியில் நின்றுவிட்டது.

"அது வேணாம்னு நீதானே சொன்னே?"

"நீங்க அதயே மொறச்சி பாத்துகினு இருந்தீங்க. யாரயாவது அப்டி பாத்துகினே இருந்தா அவன் வேல செய்வானா சார்?"

அவருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. தற்செயலாக இருக்கலாம். பஸ்ஸில் ஜன்னல் கம்பியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். ஐந்துக்கு இரண்டு முறை வந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் 'நாங்கதான் சொன்னோமே' என்பார்கள்.

மறுநாளிலிருந்து குளித்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீர் விட்டார். ஒழுகியது. தினமும் ஒழுகியது. அதன்பிறகு கோமளத்தின் முன்னால் வந்து ஒன்றும் நடக்காதது போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டிசம்பர் பதினான்காம் தேதி, மார்கழி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, தண்ணீர் நின்றது. கொஞ்சம்தான். ஒரு நெற்றிக்குப் போதும்.

திருமண் இட்ட நெற்றியோடு வெளியே வந்தார். கிண்ணத்தோடு நின்றிருந்த கோமளம் அவரைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நேரா இருக்கா?" என்று கேட்டார்.

"நேரா இருக்கு. திவ்யமா இருக்கு."

கண்ணாடியில் பார்த்தார். நேராகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கண்ணாடியே ஆணியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குவது. கிரிஷ் பார்த்துவிட்டு, "சூப்பர்ப்பா" என்றான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது.

அன்று வகுப்பு இருந்தது. பஸ்ஸில் போனார். தரை காய்ந்து மறுபடியும் மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். வேண்டா துவைத்த படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை நானே இட்டுண்டேன்" என்று நெற்றியைக் காட்டினார். "எப்படி இருக்கு?"

அவள் ஈரக் கையோடு கிட்டே வந்து பார்த்தாள். பிறகு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"கோணயா கீது சார்."

"ஏ வேண்டா" என்றான் ராஜேந்திரன்.

"எவ்வளவு?" என்று கேட்டார் பாஷ்யம்.

"ஒரு நூலு இருக்கும். எடப் பக்கமா."

பாஷ்யம் தலையை ஆட்டினார். உட்கார்ந்து வாத்தியத்தை எடுத்தார். மோதிர விரலால் 'சி' பிடித்து மீட்டினார்.

"நல்லா கீது சார்."

"எது?"

"தானா போயி எடத்துல உக்காந்துச்சி. அது."

அவர் நோட்டை எடுக்கவில்லை. இன்னொரு முறை மீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கோமளத்திடம், "கோணலா இருக்கு. ஒரு நூல். நீ ஏன் சொல்லலை?" என்றார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல நான் சொன்ன எதையாவது நம்பியிருக்கேளா?" என்றாள். "கோணல்னு சொல்லியிருந்தா அதையும் நம்பியிருக்க மாட்டேள். அதுக்கு நேராவே இருக்கட்டும்னு விட்டேன்."

பாஷ்யம் போய்க் கண்ணாடியை ஆணியில் நேராக்கினார்.

மறுநாள் பகல் சாப்பாட்டில் இரண்டாம் முறை ரசம் கேட்டார். வழக்கத்துக்கு மாறாக இடது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். கோமளம் அரைக் கரண்டி விட்டாள். ஒரு சொட்டுச் சுண்டுவிரல் பக்கமாகப் போயிற்று. மிச்சம் நின்றது. குடித்தார்.

"மிளகு இன்னிக்குச் சரியா விழுந்திருக்கு" என்றார்.

கோமளம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன், உப்பு போடலையா?" என்று கேட்டுவிட்டு ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.